ஒளி, எலக்ட்ரான், ஒரு துளித் தண்ணீர்: மாற்றியமைத்த மின்முனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கூறுகள் ஒட்டிய மின்முனையில் ஒளி படும்போது என்ன நடக்கிறது என்று படிக்க வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒளிமின்னோட்டத்தை அளக்கிற ஒவ்வொருவரும் அதே மின்முனையில் ஒரு துளித் தண்ணீரையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும்.

மின்முனையை மாற்றியமைப்பது என்றால் என்ன? மேலே ஏதாவது பூசுவதா?

பூசுவது என்றும் சொல்லலாம். ஆனால் பல நேரங்களில் அந்தப் பூச்சின் தடிமன் ஒரே ஒரு மூலக்கூறுதான், அதாவது ஒன்றிரண்டு நானோமீட்டர். கந்தகச் சேர்மங்கள் தங்கத்தின் மேல் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் என்பதை நஸோவும் அல்லாராவும் 1983இல் காட்டினார்கள். அதிலிருந்து தங்கத்துக்குத் தயோல் என்ற கந்தகச் சேர்மம் என்பது வழக்கமாகிவிட்டது. கார்பன் மின்முனை என்றால் டயசோனியம் உப்பை ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்து, ஒட்டுவார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு, இண்டியம் டின் ஆக்சைடு போன்ற ஆக்சைடுகளில் கார்பாக்சிலிக் அமிலம், பாஸ்போனிக் அமிலம், சிலேன் ஆகியவை பிடித்துக்கொள்ளும்.

ஒட்டுகிற மூலக்கூறை மூன்று பகுதியாகப் பாருங்கள்: பரப்பைப் பிடிக்கும் கால், நடுவில் இடைவெளி விடும் சங்கிலி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலை. ஒளியை உறிஞ்சுவதும் தண்ணீரை ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் தலையின் வேலை. எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகக் கடக்கும் என்பதைச் சங்கிலி தீர்மானிக்கும். படலம் எத்தனை நாள் தாங்கும் என்பது காலைப் பொறுத்தது.

வெளிச்சம் பட்டால் எலக்ட்ரான் ஏன் நகர்கிறது?

இது புதிய விஷயம் இல்லை. சில்வர் குளோரைடு பூசிய பிளாட்டினத்தை மின்பகுளியில் வைத்து ஒளி பாய்ச்சினால் மின்னோட்டம் வருகிறது என்று எட்மண்ட் பெக்கரல் 1839இலேயே கண்டார். நடப்பது இரண்டு வழிகளில் ஒன்று. முதல் வழியில், மின்முனையே ஒரு குறைக்கடத்தி. ஒளித்துகளின் ஆற்றல் அதன் ஆற்றல் இடைவெளியைவிடக் கூடுதலாக இருந்தால் ஒரு எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமான ஒரு துளையும் பிறக்கும். பரப்பருகே உள்ள மின்புலம் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் பிரித்துவிடும். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையால் தண்ணீரைப் பிளந்தது இப்படித்தான்.

இரண்டாவது வழியில், ஒளியை உறிஞ்சுவது ஒட்டியிருக்கும் சாயம். கிளர்ந்த சாயம் எலக்ட்ரானைத் தருவதிலும் பெறுவதிலும் சாதாரண நிலையைவிட மிகவும் தாராளம். மூன்று பைபிரிடின் சூழ்ந்த ருத்தேனியம் சேர்மம் சுமார் 450 நானோமீட்டரில் உறிஞ்சும். ஆக்சிஜன் நீக்கிய நீரில் ஏறக்குறைய 600 நானோவினாடி கிளர்ந்தே இருக்கும். அந்த நேரத்துக்குள் எலக்ட்ரான் கைமாறியாக வேண்டும்.

எந்த நிற ஒளி தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1240ஐ நானோமீட்டரிலுள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். டைட்டானியம் டை ஆக்சைடின் அனட்டேஸ் வகைக்கு இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது சுமார் 387 நானோமீட்டரும் அதற்குக் குறைவானதும், புற ஊதா. ரூட்டைல் வகைக்கு 3.0. கண்ணுக்குத் தெரியும் ஒளி வேண்டுமென்றால் சாயம் ஒட்ட வேண்டியிருக்கும்.

தண்ணீர்த் துளிக்கும் மின்வேதியியலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. எலக்ட்ரான் கைமாறுவது பரப்பிலிருந்து ஓரிரு நானோமீட்டருக்குள். துளி எப்படி உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது அதைவிட மெல்லிய, பரப்பின் கடைசி அரை நானோமீட்டர். தலை மெத்தில் தொகுதியாக இருந்து, படலம் நன்றாக அடுக்கியிருந்தால் தங்கத்தின் மேல் தண்ணீரின் சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு துளிக்குள் உண்டாக்கும் கோணம், 110 டிகிரிக்கு அருகில் இருக்கும். தலை கார்பாக்சிலிக் அமிலமானால் துளி கிட்டத்தட்டத் தட்டையாகப் படுத்துவிடும். மெத்தில் படலத்தில் 110 எதிர்பார்த்து 95 வந்தால், அடுக்கு ஒழுங்கில்லை, சங்கிலிகளுக்கு நடுவே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். விலையுயர்ந்த நிறமாலைக் கருவிக்கு வரிசையில் நிற்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

சுத்தமான தங்கம் தண்ணீரை நன்றாக ஏற்கும் பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றில் மிதக்கும் கரிமப் பொருள்கள் ஒட்ட ஒட்ட, சில நிமிடங்களிலேயே அதன் கோணம் ஏறத் தொடங்கிவிடும். "வெறும் தங்கம்" என்று ஒருவர் 70 டிகிரி காட்டினால் அது அழுக்குத் தங்கம்.

கோணம் ஒரே எண்தானே? ஏன் இரண்டு எண் எழுதச் சொல்கிறீர்கள்?

ஊசி முனை வழியாகத் துளிக்குள் தண்ணீரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். விளிம்பு கொஞ்ச நேரம் இருந்த இடத்திலேயே நிற்கும். துளி மட்டும் வயிறு புடைக்கும். அப்புறம் சட்டென விளிம்பு முன்னால் தாவும். தாவுகிற கணத்தில் உள்ளது முன்னேறும் கோணம். இப்போது தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். விளிம்பு பின்வாங்க மறுத்து, துளி தட்டையாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நழுவும். அது பின்வாங்கும் கோணம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பரப்பு எவ்வளவு சீரில்லாதது என்பதைச் சொல்கிறது. சும்மா வைத்த துளியின் கோணம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் அந்த ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை.

சொரசொரப்பையும் கணக்கில் எடுங்கள். வென்ஸெல் 1936இல் சொன்னபடி, சொரசொரப்பு இருக்கிற குணத்தையே பெரிதாக்கும்: நனைவது இன்னும் நனையும், நனையாதது இன்னும் விலகும். காஸியும் பாக்ஸ்டரும் 1944இல் சொன்ன நிலையில், பள்ளங்களில் காற்று சிக்கி, துளி மேடுகளின் மேல் மட்டும் நிற்கும். மின்முனைக்கு இந்த இரண்டாவது நிலை ஆபத்து. காற்று இருக்கும் இடத்தில் மின்பகுளி இல்லை. மின்பகுளி இல்லாத இடத்தில் மின்னோட்டமும் இல்லை.

சாயத்தைச் சரியாகத்தான் ஒட்டினேன். மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர்கூட வரவில்லை. எங்கே தப்பு?

ஒருவேளை தப்பே இல்லாமல் இருக்கலாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மோலின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ருத்தேனியம் சாயம் இருப்பதாக வையுங்கள். தட்டையான பரப்புக்கு இது நியாயமான அளவு. அந்தச் சாயம் ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சும் என்பதைச் சொல்லும் மோலார் உறிஞ்சு கெழு சுமார் 14,500. இரண்டையும் பெருக்கி அலகைச் சரிசெய்தால் உறிஞ்சல் 0.00145 வருகிறது. அதாவது விழுகிற ஒளியில் 0.33 சதவீதம்தான் சாயத்தில் நிற்கிறது. மீதி எல்லாம் கடந்தோ எதிரொளித்தோ போய்விடுகிறது.

சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட் அளவில் 450 நானோமீட்டர் ஒளி கொடுத்தால், ஒவ்வொரு ஒளித்துகளும் ஒரு எலக்ட்ரானாக மாறினாலும் கிடைக்கக்கூடியது 0.36 மில்லி ஆம்பியர். அதில் 0.33 சதவீதம் என்றால் 1.2 மைக்ரோ ஆம்பியர். இதுதான் உச்சவரம்பு. பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே படலம் ஒழுங்காக வேலை செய்கிறது. ஓ'ரீகனும் கிரெட்ஸலும் 1991இல் நுண்துகள் டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் சாயத்தை ஏற்றி வெற்றி கண்டதற்கு முக்கியக் காரணம் இதுவே. அந்தப் படலத்தின் உள்பரப்பு, தட்டையான பரப்பைவிடப் பல நூறு மடங்கு. அதற்கேற்பச் சாயமும் கூடியது, உறிஞ்சலும் கூடியது.

அதே சாயம் ஆக்சைடில் நன்றாக வேலை செய்கிறது, தங்கத்தில் செய்வதில்லையே?

உலோகத்துக்கு ஓரிரு நானோமீட்டர் தொலைவில் இருக்கும் கிளர்ந்த மூலக்கூறு, தன் ஆற்றலை எலக்ட்ரான் கைமாறாமலே உலோகத்திடம் இழந்துவிடும். அப்படியே எலக்ட்ரான் கைமாறினாலும், உலோகத்தில் இடைவெளி இல்லாததால் அது உடனே திரும்பி வந்துவிட வாய்ப்பு அதிகம். குறைக்கடத்தியில் உள்ளே போன எலக்ட்ரானைப் பரப்பிலிருந்து விலக்கி வைக்க ஒரு வழி இருக்கிறது.

சங்கிலியை நீட்டினால் ஆற்றல் இழப்பு குறையும், உண்மைதான். ஆனால் நிறைவுற்ற கார்பன் சங்கிலியில் ஒவ்வொரு மெத்திலீன் தொகுதி (CH₂) கூடும்போதும் எலக்ட்ரான் ஊடுருவும் வேகம் கிட்டத்தட்ட 2.7 மடங்கு குறைகிறது. பத்துத் தொகுதி கூட்டினால் 20,000 மடங்குக்கு மேல். இரண்டுக்கும் நடுவே ஒரு நீளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒளியைத் திறந்ததும் மின்னோட்டம் குத்தென எழும்பி, அப்புறம் இறங்கிவிடுகிறது. எந்த மதிப்பை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். எழும்பும் உச்சி, மின்சுமை எவ்வளவு பிரிந்தது என்பதைக் காட்டுகிறது. இறங்கி நிலைக்கும் மதிப்பு, அதில் எவ்வளவு உண்மையில் கரைசலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டுகிறது. நடுவில் காணாமல் போனது மீள்சேர்க்கை, அதாவது பிரிந்த மின்சுமைகள் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடுவது. ஒளியை மூடும்போது எதிர்த்திசையில் ஒரு குத்து வந்தால் சந்தேகமே வேண்டாம், பரப்பில் தேங்கிய மின்சுமை திரும்பி வருகிறது.

கட்டுப்பாட்டுச் சோதனை எதெது கட்டாயம்?

இருட்டில் ஒன்று. சாயம் இல்லாத, ஆனால் அதே சங்கிலி ஒட்டிய மின்முனையில் ஒன்று. எலக்ட்ரான் தரும் பொருள் இல்லாத கரைசலில் ஒன்று. ஆர்கான் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றியபின் ஒன்று, ஏனென்றால் கரைந்த ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பொய்யான ஒளிமின்னோட்டம் காட்டும், ருத்தேனியச் சாயத்தின் கிளர்ச்சியையும் அணைக்கும். விளக்குக்கும் கலத்துக்கும் நடுவே தண்ணீர் வடிகட்டி வைத்து அகச்சிவப்பைத் தடுக்காமல் எடுத்த தரவை நான் ஏற்க மாட்டேன். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் "ஒளிமின்னோட்டம்" பல நேரம் வெறும் சூடுதான்.

மின்னழுத்தம் கொடுத்தாலே துளி பரவுகிறதே, அப்புறம் ஒளி எதற்கு?

மின்னழுத்தம் பரப்பு இழுவிசையை மாற்றும் என்பதை லிப்மன் 1875இல் பாதரசத்தில் காட்டிவிட்டார். ஆனால் மாற்றியமைத்த மின்முனையில் அந்த விளைவு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்காமல் பேசக் கூடாது. மின்தேக்குத்திறனில் பாதியை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி, திரவத்தின் பரப்பு இழுவிசையால் வகுத்தால் வரும் அளவுக்குக் கோணத்தின் கொசைன் கூடும். மின்னழுத்தத்தை மின்சுமை பூஜ்ஜியமாகும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும்.

வெறும் உலோகத்தின் இரட்டை அடுக்குக்கு (பரப்பின் மின்சுமையும் அதன் எதிரே கரைசலில் நிற்கும் அயனிகளும்) சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். 0.5 வோல்ட்டுக்குக் கொசைன் 0.35 கூடும். 110 டிகிரியில் தொடங்கிய துளி 90க்கு வந்துவிடும். நீண்ட சங்கிலித் தயோல் அடுக்கின் மின்தேக்குத்திறன் 1 மைக்ரோஃபாரட் அளவுதான். அதே அரை வோல்ட்டுக்குக் கொசைன் 0.017 கூடும். 110 டிகிரி 109 ஆகும், அவ்வளவே. ஆகவே நல்ல படலத்தின் மேல் சிறிய மின்னழுத்தத்தில் துளி பெரிதாகப் பரவினால் ஒன்று படலத்தில் ஓட்டை இருக்கிறது, அல்லது தலைத் தொகுதியே ஆக்சிஜனேற்றமோ ஒடுக்கமோ அடைந்து மின்சுமை பெற்றிருக்கிறது. இரும்பு அணு உள்ள ஃபெரோசீன் தலை இதற்கு அழகான உதாரணம். நடுநிலையில் இருக்கும்போது தண்ணீரிடம் ஒட்டாது. ஒரு எலக்ட்ரானை இழந்ததும் நேர்மின்சுமையும் எதிர் அயனியுமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

ஒளியின் பெருமை இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிவதில் இருக்கிறது. மின்முனை முழுவதும் ஒரே மின்னழுத்தம்தான் இருக்கும். ஒளியை மட்டும் ஒரு புள்ளியில் குவிக்கலாம், நகர்த்தலாம்.

டைட்டானியம் டை ஆக்சைடு மேல் புற ஊதா பட்டதும் துளி அப்படியே பரவிவிடுகிறது. அது அழுக்கு எரிவதுதானே?

இந்த விளைவு 1997இல் வெளியானபோது, ஒளியில் பிறந்த துளைகள் பரப்பின் ஆக்சிஜனைப் பெயர்த்து, அங்கே ஹைட்ராக்சில் தொகுதிகள் உட்காருவதால் கோணம் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறது என்று விளக்கினார்கள். ஒட்டியிருந்த கரிமப் படலம் ஒளிவினையூக்கத்தால் எரிந்து, அடியில் உள்ள சுத்தமான ஆக்சைடு வெளிப்படுவதே போதும் என்று வேறு பலர் வாதிட்டார்கள். எனக்கு இரண்டாவது விளக்கத்தின் பக்கம்தான் மனம் சாய்கிறது. எந்த ஆக்சைடும் சுத்தமாக இருந்தால் தண்ணீரை ஏற்கும், இருட்டில் வைத்தால் கோணம் மெல்லத் திரும்ப ஏறுவதும் காற்றிலுள்ள கரிமம் படிவதோடு ஒத்துப்போகிறது.

உங்கள் வேலைக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எரிவது அழுக்கு மட்டும் என்று ஆக்சைடுக்குத் தெரியாது. நீங்கள் அரும்பாடுபட்டு ஒட்டிய சாயத்தையும் அது எரிக்கும். சாயம் ஒட்டிய டைட்டானியம் டை ஆக்சைடில் 400 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை வடிகட்டியால் வெட்டிவிடுங்கள்.

படலம் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. எப்படிக் காப்பாற்றுவது?

காலைப் பாருங்கள். தங்கத்தின் மேலுள்ள தயோல் காற்றும் புற ஊதாவும் சேர்ந்தால் சல்போனேட்டாக ஆக்சிஜனேற்றம் அடைந்து, கழுவினால் போய்விடும். காரக் கரைசலில் மின்னழுத்தத்தை அதிகமாக எதிர்மின் பக்கம் தள்ளினாலும் பிடி விடும். ஆக்சைடில் கார்பாக்சிலிக் அமிலம் நீரில் எளிதில் கழன்றுவிடும். பாஸ்போனிக் அமிலம் அதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் அதுவும் காரத்தில் நிற்காது. கார்பனில் டயசோனியம் வழி ஒட்டியது இவை எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது. ஆனால் ஒற்றை அடுக்கோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்துவிடும்.

நனைதல் மாறினால் எலக்ட்ரான் பரிமாற்ற வேகமும் மாறுமா?

மாறும், மூன்று வழிகளில். முதலாவது வெறும் பரப்பளவு: காஸி நிலையில் சொன்னதுபோலக் காற்று சிக்கியிருந்தால் வேலை செய்யும் பரப்பே குறைவு. இரண்டாவது, எலக்ட்ரான் பரிமாற்ற வேகத்தை விளக்கும் மார்க்கஸின் கோட்பாட்டில் வரும் மறுசீரமைப்பு ஆற்றல். எலக்ட்ரான் கைமாறும்போது சுற்றியுள்ள கரைப்பான் மூலக்கூறுகள் திரும்பி அமர வேண்டும், அதற்கு ஒரு செலவு உண்டு. தங்கத்தில் ஒட்டிய ஃபெரோசீனுக்கு அந்தச் செலவு சுமார் 0.85 எலக்ட்ரான் வோல்ட் என்று சிட்ஸி 1991இல் அளந்தார். தலைத் தொகுதி தண்ணீரில் நீட்டிக்கொண்டிருக்காமல் எண்ணெய்த்தன்மையுள்ள சங்கிலிகளுக்குள் புதைந்திருந்தால் அந்தச் செலவு மாறும்.

மூன்றாவது வழிதான் பலரும் மறந்துபோவது: அயனிகள். தலைத் தொகுதி மின்சுமை பெற்றால் எதிர் அயனி பக்கத்தில் வந்தாக வேண்டும். தண்ணீரை விரும்பாத படலத்துக்குள் குளோரைடு நுழைவது கடினம், பெர்குளோரேட் எளிதாக நுழையும். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது தலை எலக்ட்ரானை இழந்து பெறுவது மின்னோட்டத்தில் ஓர் அலையாகத் தெரியும்; அயனியை மாற்றினாலே அந்த அலையின் இடம் நகர்ந்தால், நீங்கள் பார்ப்பது எலக்ட்ரானின் வேகத்தை அல்ல, அயனி நுழையும் சிரமத்தை.

ஒளிமின்னோட்டம் கூடியது, கோணமும் குறைந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதலாமா?

எழுத வேண்டாம், இன்னும் இல்லை. ஒளி பட்டதால் தலை மின்சுமை பெற்று நனைதல் கூடியிருக்கலாம். அல்லது நனைதல் கூடி, வேலை செய்யும் பரப்பு விரிந்து, அதனால் மின்னோட்டம் கூடியிருக்கலாம். சூடும் எரிந்த அழுக்கும் இரண்டையும் ஒருசேர மாற்றியிருக்கவும் கூடும்.

முதலில் அலைநீளத்தை மாற்றிப் பாருங்கள். ஒளித்துகள்களின் எண்ணிக்கையைச் சமமாக வைத்துக்கொண்டு, கோணத்தின் மாற்றம் சாயத்தின் உறிஞ்சு நிறமாலையைப் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். பின்தொடர்ந்தால் சூடு வெளியேறிவிட்டது. அடுத்து, ஒளிக்கு முன்னும் பின்னும் இருட்டில் மின்தேக்குத்திறனை அளவிடுங்கள். அது கூடியிருந்தால் நனைந்த பரப்பு விரிந்திருக்கிறது. மின்னோட்டத்தை அந்த விகிதத்தால் வகுத்தபின் மிச்சம் எவ்வளவு என்பதே கேள்வி. அப்புறம் சாயத்தோடு ஹைட்ராக்சில் தலை கொண்ட சும்மா இருக்கும் தயோலைக் கலந்து அடுக்குங்கள். சாயத்தின் அளவு மாறாமல் நனைதலை மட்டும் கூட்ட இதுதான் சுலபமான வழி. இப்படிச் செய்தும் மின்னோட்டம் கூடினால் நனைதல்தான் காரணம். கூடவில்லையென்றால் உங்கள் முதல் ஊகத்துக்கு உயிர் இருக்கிறது.

துளியையே கலமாக வைத்து இரண்டையும் ஒன்றாக அளப்பவர்கள் ஆவியாதலைக் கவனியுங்கள். விளக்கின் கீழ் சிறு துளி சுருங்கும்போது விளிம்பு நகராமல் கோணம் மட்டும் இறங்கும், முன்னே சொன்ன பின்வாங்கும் கோணத்தை நோக்கி. அதை ஒளியின் விளைவு என்று எண்ணிவிடுவது மிக எளிது. மூடிய ஈரமான அறைக்குள் வைத்து, துளியின் அடிவட்டத்தின் விட்டத்தையும் சேர்த்துப் பதியுங்கள். விட்டம் உண்மையில் விரிந்தால்தான் அது பரவல்.

கோணம் துளிகூட மாறவில்லை, ஆனால் மின்னோட்டம் பாதியாகிவிட்டது. படலம் போய்விட்டதா?

கோணம் பார்ப்பது கடைசி அரை நானோமீட்டரை மட்டும். அதற்கு அடியில் நடப்பது அதற்குத் தெரியாது. சாயத்தின் உலோகம் தன் பைபிரிடின் ஒன்றை உதறிவிட்டு நிறம் இழந்திருக்கலாம், வெளித்தோற்றம் அப்படியே இருக்கும். சாயத்தின் ஆக்சிஜனேற்ற அலையை இருட்டில் எடுத்து, அதன் அடியில் உள்ள மின்சுமையை முதல் நாள் மதிப்போடு ஒப்பிடுங்கள். மின்சுமையும் பாதி என்றால் சாயம் பழுதாகியிருக்கிறது, புதிய மின்முனை எடுங்கள். மின்சுமை அப்படியே இருந்தால் மின்முனையை விட்டுவிட்டு விளக்கின் திறனை அளவிடுங்கள், கரைசலில் எலக்ட்ரான் தரும் பொருள் மிச்சம் இருக்கிறதா பாருங்கள், ஆர்கான் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.